அம்மாவுக்கு வராத நோய்

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. ‘கல்விப் பாதையில் இடைவெளிகள், தேர்வுத் தோல்விகள் இருந்தால் விளக்கவும்.’ கட்டம் உள்ளங்கை அளவுதான். மற்றப் பக்கங்களை ஒரே மூச்சில் நிரப்பிவிட்ட மயக்க மருந்து டாக்டர், அந்தக் கட்டத்துக்கு முன்னால் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் குட்டி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை மேசையின் தலைமாட்டில் நிற்க அவளுக்கு ஒரு மரப்படி வேண்டும். நர்ஸ்கள் கேட்காமலே கொண்டுவந்து போடுவார்கள். முப்பத்தைந்து வயது, ஆறு வயதில் ஒரு மகள். குழந்தைகளின் இதய அறுவைக்கு மயக்கம் கொடுப்பதில் இரண்டு வருட ஃபெலோஷிப் பயிற்சி, பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. வருடத்துக்கு இரண்டே இடம். அவளுக்கு அதில் ஒன்று வேண்டும். ஆனால் சிறப்பு மருத்துவர் தேர்வில் அவள் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறைதான் தேறியிருந்தாள்.

அவளுடைய பிரிவிலிருந்து இன்னொருவனும் விண்ணப்பித்தான். அவனை நெட்டை என்பார்கள். குட்டியும் நெட்டையும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். டியூட்டி அறையில் அவள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவன்தான் யோசனை சொன்னான்.

“இதுக்கா இவ்வளவு நேரம்? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னு எழுது. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“யாருக்கும் ஒண்ணும் இல்லையே.”

“யாரு வந்து பாக்கப்போறா? நோயாளின்னு சொன்னா எவனும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டான்.”

அன்று மதியமே அவள் எழுதினாள். தேர்வுகள் நடந்த காலத்தில் தன் தாயார் முதுகெலும்பு நோயால் படுத்த படுக்கையாகக் கிடந்ததாகவும், தான் ஒருத்தியே உடனிருந்து பணிவிடை செய்ததாகவும் எழுதினாள். எந்த நோய் என்று முடிவு செய்யத்தான் நேரமாயிற்று. புற்றுநோய் என்று எழுத விரல் வரவில்லை. பக்கவாதம் என்றால் இப்போதும் அறிகுறி இருக்க வேண்டும். முதுகெலும்பு என்றால் குணமாகி எழுந்து நடக்கலாம். டியூட்டி அறை பிரிண்டரில் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றைத் திருத்துவதற்காகப் பையில் வைத்ததாக நினைவு. மேசையில் வைத்த இன்னொன்றைச் சாயங்காலம் தேடியபோது காணோம். யாரோ குப்பையில் போட்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போனால், அம்மா இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது. மாடியில் துணி துவைக்கும் கல்லடியில் குழாயில் தண்ணீர் வரவில்லையாம்.

“ஏன்டி அப்படிப் பாக்குற? வாளியைப் புடி.”

மறுநாள் உட்கார்ந்து எழுதியதை அழித்துவிட்டு நடந்ததை எழுதினாள். முதல் முறை, பிடித்த பாடங்களை மட்டும் படித்துவிட்டுப் போய் எழுத்துத் தேர்வில் தோற்றாள். இரண்டாம் முறை நேர்முகத் தேர்வு. மயக்கத்தில் இருக்கும் குழந்தை வெளிவிடும் மூச்சைக் காட்டும் கோடு திடீரென்று தட்டையாகிவிட்டால் முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். மருந்தின் அளவைச் சரிபார்ப்பேன் என்றாள். மூச்சுக்குழாயில் செருகிய குழாய் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அது அவளுக்குத் தெரியும். கேட்டவர், “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று கைகொடுத்தும் பார்த்தார். சொன்ன வாயால் மாற்றிச் சொல்ல அவளுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள், தோற்றாள். ‘தெரியாமல் தோற்கவில்லை, தவறை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் தோற்றேன்’ என்று முடித்து, கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்னால் அனுப்பிவிட்டாள்.

“அனுப்பிட்டியா?” என்று அம்மா கேட்டாள்.

“அனுப்பிட்டேன்.”

“என்ன எழுதின?”

“எழுத வேண்டியதை எழுதினேன்.”

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்த இதய மருத்துவர். இடது பக்கம் நிர்வாக அதிகாரி ஒருவர், எதிரில் இருப்பவரின் பல்லை எண்ணுவதுபோல் பார்க்கும் மனிதர். மூன்றாமவர் நேர்காணல் முழுக்கக் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார்.

தோல்விகளைப் பற்றித் தலைவி கேட்டார், அவள் எழுதியபடியே சொன்னாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எத்தனை குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்திருக்கிறாள், கோடு தட்டையானது எத்தனை முறை, என்ன செய்தாள் என்றெல்லாம் பேச்சு போயிற்று. இரண்டு முறை, இரண்டிலும் முதலில் குழாயைத்தான் பார்த்தேன் என்றாள். தலைவி தலையசைத்தார். முடிந்தது என்று அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தபோது நிர்வாக அதிகாரி கோப்புக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார்.

“இது முந்தாநாள் தபால்ல வந்துச்சு. மொட்டைக் கடுதாசி.”

அவரே வாசித்தார். ‘மேற்படி டாக்டர் தமது தேர்வுத் தோல்விகளுக்குத் தாயாரின் நோயைக் காரணமாகக் காட்டியிருப்பது முழுப்பொய். மேற்படி காலத்தில் அன்னாரின் தாயார் திடகாத்திரமாக இருந்து, மூன்று வேளையும் சமைத்து, டாக்டரின் கைக்குழந்தையையும் கவனித்து வந்தார் என்பதைத் தங்கள் மேலான பார்வைக்குக் கொண்டுவருகிறேன். தக்க நடவடிக்கை எடுக்கவும். இப்படிக்கு, உண்மை விளம்பி.’

அதிகாரி தாளை மேசைமேல் வைத்தார்.

“உங்க விண்ணப்பத்துல அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை” என்றார் தலைவி. “சொல்லாத பொய்யை மறுத்து எதுக்கு ஒருத்தர் எழுதணும்? அதான் எங்களுக்குப் புரியல.”

“நெருப்பில்லாம புகையாது” என்றார் அதிகாரி.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதியதில் இல்லை, அனுப்பியவர் யாரென்றும் தெரியாது, எதிரி எவனோ என்று கை விரித்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“முதல்ல அப்படித்தான் எழுதினேன்” என்றாள். “அனுப்பல. அழிச்சுட்டேன். அதைப் பாத்த யாரோ நான் அனுப்பிட்டேன்னு நெனச்சு எழுதியிருக்காங்க.”

“யாரு பாத்தாங்க?”

“தெரியல.”

“அதாவது, பொய் எழுதத் தயாரா இருந்தீங்க.”

“ஒரு நாள் இருந்தேன்.”

அதிகாரி மூன்றாமவரைப் பார்த்தார், மூன்றாமவர் எழுதிக்கொண்டார். கோப்பில் புகார் ஒன்று இருக்கும்வரை முடிவெடுக்க முடியாது, இரண்டு வாரத்துக்குள் விசாரித்துச் சொல்கிறோம் என்று தலைவி அனுப்பிவைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் முன்பு இருந்த சிரிப்பும் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு முகமாக எடுத்துப் பார்த்தாள். டியூட்டி அறைக்கு வந்துபோகிறவர்கள் பதினைந்து பேர். ஆனால் அவள் இடம் காலியானால் லாபம் ஒருவனுக்குத்தான். பொய் எழுதச் சொன்னவனும் அவன்தான். அம்மா கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டில் பாதியை அத்தனை வருடமும் தின்றவன் அவன். அம்மா சமைத்ததும் குழந்தையைப் பார்த்துக்கொண்டதும் அவனுக்குத் தெரியாதா? பள்ளம் வெட்டியதும் அவன், பிடித்துத் தள்ளியதும் அவன். பஸ் ஊருக்குள் நுழைவதற்குள் அவளுக்குச் சந்தேகம் என்று எதுவும் மிச்சமில்லை.

மறுநாள் காலை, அறுவைக் கூடத்துக்கு வெளியே கை கழுவும் தொட்டியடியில் அவனைப் பிடித்தாள்.

“ஏன்டா இப்படிப் பண்ணின?”

“என்ன பண்ணினேன்?”

“மேசை மேல இருந்த தாளை எடுத்தது நீதானே? கடுதாசி எழுதினதும் நீதானே? உண்மை விளம்பின்னு கையெழுத்து வேற!”

அவன் கைகளைத் தூக்கியபடியே நின்றான். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் வெளுத்துவிட்டது. அவள் அதைக் குற்றத்தின் சாட்சி என்றே எடுத்துக்கொண்டாள்.

“எந்தக் கடுதாசி? யாருக்கு? அதுல என் பேரு ஏதாவது இருக்கா?”

“பாத்தியா, உன் பேரு இருக்கான்னுதான் உனக்குக் கவலை.”

“குட்டி, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உனக்கே தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? கூடவே இருந்து குழி பறிக்கிறவன் முகத்துல எழுதியா ஒட்டியிருக்கும்?”

பக்கத்துத் தொட்டியில் இரண்டு நர்ஸ்கள் இருந்தார்கள். மதியத்துக்குள் பேச்சு மருந்துக் கிடங்கு வரைக்கும் போய்விட்டது. நெட்டை அன்று கான்டீனில் தனியாகச் சாப்பிட்டான். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்களையும் அவள் நம்பவில்லை. இவள் எதற்கு இவ்வளவு அன்பாக விசாரிக்கிறாள், அவர் ஏன் என்னைக் கண்டதும் போனை மூடினார் என்றே மனம் ஓடியது. பிரிவுத் தலைவர் வழக்கம்போல் முதுகில் தட்டியபோதுகூட, கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் என்ன எழுதினாரோ என்று தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சந்தேகம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அவள் கணவன் நில அளவைத் துறையில் வேலை பார்ப்பவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இரண்டு வருடம் மனைவி விடுதியில் தங்குவது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய கைப்பையை எடுத்து மகளின் பென்சில் தேடுகிற ஆளும் அவன்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

“என் பையில இருந்த தாள் எதையாவது எடுத்தீங்களா?”

“எந்தத் தாள்?”

“நான் போகக்கூடாதுன்னு யாருக்காவது எழுதினீங்களா?”

அவன் ஒரு செருப்போடு நின்றான். “நீ போறதுல எனக்கு இஷ்டம் இல்லதான். அதை உன் முகத்துக்கு நேராவே சொன்னேன், நாலு தடவை சொன்னேன். முதுகுக்குப் பின்னால எழுதி எனக்கு என்ன ஆகணும்?”

“பின்ன யாரு எழுதினா? வேற யாருக்குத் தெரியும்?”

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

“மாப்பிள்ளையை ஏன் குடையுற? நான்தான் எழுதினேன்.”

பேத்தியின் பள்ளிச் சட்டையை நீவி, மடித்து, அடுக்கின்மேல் வைத்தாள். அப்போதுதான் குட்டிக்கு அந்தக் கடிதத்தின் நடை நினைவுக்கு வந்தது. மேற்படி, அன்னார், மேலான பார்வை. அம்மா ஓய்வு பெறும்வரை முப்பது வருடம் அரசு அலுவலகத்தின் மனுப் பிரிவில் இருந்தவள். ஊரார் கொண்டுவரும் குறையையெல்லாம் மனுவாக்கிக் கொடுத்த கை அது. எல்லோரையும் சந்தேகப்பட்டவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

“நீயாம்மா?”

“பால்காரருக்குக் கணக்கு எழுதலாம்னு உன் பையில இருந்து ஒரு பழைய தாளை எடுத்தேன். திருப்பினா, நான் படுத்த படுக்கையாக் கிடக்கேன். முதுகெலும்பு போச்சு. நீ எனக்குப் பணிவிடை செய்யுற.” அம்மாவின் குரல் மெதுவாக ஏறியது. “விடிய விடிய உன் பிள்ளையைத் தோள்ல போட்டு நடந்தது யாரு? நீ படிக்கணும்னு அது அழுற சத்தம் கேக்காம கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தது யாரு? மூணு வேளை சோறு போட்ட என்னை, நீ தூக்கி உக்கார வச்சேன்னு எழுதியிருக்கியே. அதுவும் ‘நான் ஒருத்தியே’ன்னு.”

“அதை நான் அனுப்பலம்மா.”

“அனுப்பிட்டேன்னு சொன்ன.”

“வேற எழுதி அனுப்பினேன். என் தப்புன்னுதான் எழுதினேன்.”

அம்மாவின் கை நின்றது. “அதை ஏன் சொல்லல? என்ன எழுதினன்னு கேட்டேனே.”

“நீ ஏன் நேரா கேக்கல? இப்படி ஒரு தாளைப் பாத்தேன், இது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா இல்லைன்னுருவ. பொய் எழுதுற பொண்ணு, பொய் சொல்ல மாட்டாளா?”

கணவன் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

“கையெழுத்தாவது போட்டிருக்கலாம்” என்றாள் குட்டி கடைசியில்.

“போட்டா உன் அம்மான்னு தெரிஞ்சுடும். பெத்த தாயே காட்டிக்கொடுத்தாள்னு உனக்கு அசிங்கம்.”

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“வயித்தெரிச்சல்ல எழுதிட்டேன்டி. பெட்டியில போட்டுட்டுத் தெருமுனை திரும்புறதுக்குள்ள எரிச்சல் இறங்கிடுச்சு. திரும்பிப் போய்க் கையை விட்டுப் பாத்தேன். விரல்தான் நுழைஞ்சுது.”

மறுநாள் குட்டி வேலையிலிருந்து திரும்பியபோது அம்மா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் மகள் இருந்தாள். பாட்டி நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு பஸ் ஏறிப் போனாள் என்றாள். இருட்டுவதற்குச் சற்று முன்னால் வந்துசேர்ந்த அம்மா, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

“உன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நான்தான் உண்மை விளம்பின்னு சொன்னேன்.”

“அம்மா!”

“அந்தக் கட்டை முடி அம்மா நல்ல மாதிரி. இன்னொருத்தர் இருக்காரே, அவரு லேசுல நம்பல. ‘நீங்க நிஜமாவே தாயார்தானா, இல்ல பொண்ணைக் காப்பாத்த யாராவது அனுப்பி வந்தீங்களா’ன்னு கேட்டாரு. அடையாள அட்டையைக் காட்டினேன். பொண்ணு மிரட்டிக் கூட்டிட்டு வந்தாளான்னாரு. அவளுக்கு நான் வந்ததே தெரியாதுன்னேன். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொன்னாரு. கடுதாசியையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்குறாரு, மாட்டிக்கிட்டுப் பாக்குறாரு.” அம்மாவின் முகத்தில் லேசான மரியாதை தெரிந்தது. “முறையான ஆபீஸ். எங்க பிரிவுல இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா பாதி மனு வந்திருக்காது.”

“அப்புறம்?”

“கடுதாசிக்கு அடியில கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டேன். கூடவே ஒரு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன். மேற்படி தாள் அனுப்பப்படாத வரைவு, அது தெரியாம எழுதிட்டேன்னு. உனக்காகப் பரிஞ்சு ஒரு வார்த்தை எழுதல. எழுதினா அவரு அதையும் சந்தேகப்படுவாரு.”

முதுகு வலிக்குதா என்று குட்டி கேட்டாள். ஐந்து மணி நேரப் பஸ். “எனக்கு ஒண்ணும் இல்ல, இடிச்ச புளியாட்டம் நிக்காம போய்க் கையைக் கழுவு” என்றாள் அம்மா. ஆனால் அன்று சீக்கிரம் படுத்துவிட்டாள். குட்டிதான் பாத்திரம் துலக்கினாள். அவர்கள் இருவரும் பழையபடி பேச ஆரம்பிக்க இன்னும் பல நாள் ஆயிற்று. பேசினாலும் சொல்லைத் தூக்கிப் பார்த்து, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்த்துத்தான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் முடிவு வந்தது. இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்கு. இன்னொன்று நெட்டைக்கு.

நல்ல செய்தி வந்த அன்றே அவள் அவனைத் தேடிப் போனாள். தொட்டியடியில் நடந்ததற்கு அதே தொட்டியடியில், அதே நர்ஸ்கள் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டாள். எழுதியது தன் அம்மா என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அவன் சரி என்றான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் முதல் ஒரு மாதம் அவளிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சில்லை. அவள் வாரம் ஐந்து நாள் விடுதியில் தங்கினாள், சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். மகளை அம்மாவும் கணவனும் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மதியம், நீண்ட அறுவை ஒன்று முடிந்து, இருவரும் மாடி வராந்தாவில் டீயோடு நின்றார்கள். அவன் கீழே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னைக்கு எனக்கு ஏன் முகம் செத்துப்போச்சு தெரியுமா?”

“நான் அபாண்டமாச் சொன்னதால.”

“அது மட்டும் இல்ல. நானும் ஒரு தடவை ஃபெயில். உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்துல எங்கப்பாவுக்கு மூளையில கட்டின்னு எழுதினேன்.”

அவன் அப்பா திடமாக இருந்தார். போன வாரம்தான் மகனைப் பார்க்க வந்து, லிஃப்ட் வேண்டாம் என்று நாலு மாடி ஏறினார்.

“கடுதாசின்னு நீ சொன்னதும் என்னைப் பத்தித்தான் வந்திருக்குன்னு பயந்துட்டேன். அதான் என் பேரு இருக்கான்னு கேட்டேன். நேர்காணல்ல என்கிட்ட அந்த நிர்வாகத்து ஆளு என்ன கேட்டாரு தெரியுமா? ‘அப்பா இப்போ எப்படி இருக்காரு’ன்னு. தேவலை சார்னேன். ‘பாத்துக்கோங்க தம்பி’ன்னாரு. அவ்வளவுதான்.” டீ ஆறிக்கொண்டிருந்தது. “நீ நிஜத்தை எழுதின, உன்னைத் துருவினாங்க. என் பொய்யை ஒருத்தரும் தொடல. உன்மேல எனக்குக் கோபம் இல்ல குட்டி. உன் முகத்தைப் பாக்க முடியல, அதான் பேசல.”

ஏன் என்னிடம் சொல்கிறாய் என்று கேட்க வாயெடுத்தாள். சொல்லியும் தொலைத்துவிட்டான், இனி அவள் அதைச் சுமக்க வேண்டும். அந்த அதிகாரி தினமும் காலை ஒன்பது மணிக்கு அதே வராந்தா வழியாகத்தான் போவார். அவளைக் கண்டால் இப்போது நின்று, “அம்மா சௌக்கியமா?” என்று விசாரிப்பார்.

“இனிமே என்ன பண்ணப்போற?” என்றாள்.

“தெரியல. அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பகீர்னு இருக்கு.”

நீயே போய்ச் சொல்லிவிடு என்று சொல்லலாம்தான். ஒரு நாள் முழுக்கத் தானும் அதே பொய்யோடு இருந்தவள் என்பதால் அவளுக்கு அது சுலபமாக வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வீட்டில், ஆஸ்பத்திரியில் என்ன விசேஷம் என்று அம்மா கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் கைப்பையைப் பார்த்தாள்.